கொதிக்காத வெந்நீர்

"கதவு பூட்டியிருக்கா, இல்ல என் மூஞ்சி பிடிக்கலையா இதுக்கு?"

சமையலறை மேடைமேல் இருந்த மைக்ரோவேவ் பெட்டியோடு ரேடியோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் எவர்சில்வர் தட்டு. தட்டில் காலையில் வாங்கி மதியம்வரை பையில் கிடந்து விறைத்துப்போன ரொட்டித் துண்டுகள்.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்த காலத்தில், இரண்டு பக்கமும் பேசி முடித்து வைத்த பிறகும் நடுவில் இருந்த இவள் பேச்சு மட்டும் ஓயாது என்று கூட வேலை பார்த்தவர்கள் சூட்டியது. இப்போது அவள் துப்பறிவாளர் ஒருவரின் உதவியாளர். அவர் பெயரும் சூட்டிய பெயர்தான். பத்திரிகை ஆபீசில் பாதி ஆயுளைப் புரூஃப் பார்த்தே கழித்தவர். ஊரார் எழுதும் பிழையெல்லாம் அவர் கண்ணில் வந்து விழும். முன்னால் ஒரு தொந்தியும் இருந்ததால் 'பிழையார்' என்ற பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. சாமிக்கும் தனக்கும் ஓர் அச்சுப்பிழைதான் வித்தியாசம் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"அக்கா, அந்தத் தட்டோட வைக்காதீங்க" என்று ஓடிவந்தாள் அந்த வீட்டு மகள். "எவர்சில்வர் உள்ள போனா பொறி பறக்கும்."

"நல்லவேளை. வந்த கேஸ் போதும், நாம வேற ஒரு கேஸ் ஆகவேண்டாம்."

மகள் ரொட்டியைப் பீங்கான் தட்டுக்கு மாற்றினாள். பெட்டியின் மண்டையில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டி, அதே வேகத்தில் பட்டனைக் கீழ்ப்பக்கமாக அமுக்கினாள். திறக்கவில்லை. இன்னொரு முறை. பிறகுதான் கதவு மனமிரங்கியது.

"பட்டன் சிக்கிக்கும். பழகினாத்தான் கைக்கு வரும். எனக்கே சில நேரம் வராது. ஆனா மூடுறதுல கோளாறு கிடையாது. மூடாம ஓடற பெட்டியா இருந்தா நானே தூக்கிப் போட்டிருப்பேன்."

வாசற்படிக்கு அந்தப் பக்கம், வீட்டம்மா மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றார். பெட்டி ஓடும்போது அவர் சமையலறைக்குள் கால் வைப்பதில்லையாம்.

"அதைத் தொட்டது கிடையாது நான். மாப்பிள்ளை வாங்கிட்டு வந்த அன்னிக்கே சொல்லிட்டேன். அடுப்பு இருக்க, இந்தப் பேய்ப் பெட்டி எதுக்குன்னு. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு வெளியே வருதாமே. கேட்டாங்களா? இப்ப என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கிட்டுக் கிடக்கறார்."

கேஸ் இதுதான். வீட்டுக்காரரான பெரியவர், ஓய்வு பெற்ற சர்வேயர், ஒரு காலையில் தண்ணீரைக் கண்ணாடிக் கப்பில் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்துச் சுடவைத்தார். வெளியே எடுத்து காபிப் பொடியைப் போட்டார். தண்ணீர் சீறி எழுந்து முகத்தில் அடித்தது. கன்னமும் கையும் வெந்துபோய், ஒரு கண்ணில் கட்டுடன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

பொடி, மாப்பிள்ளை கொடுத்தது. மாப்பிள்ளைக்கு வேலை பெயின்ட் கம்பெனி லேபில். முந்தின நாள்தான் மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் வாய்ச்சண்டை. வேறு ஊரில் நல்ல வேலை வந்திருக்கிறது, பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று இவர், போகக்கூடாது என்று அவர். போலீசுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? பொடி டப்பாவை இன்ஸ்பெக்டர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டைவிட்டுக் கிளம்பி, கம்பெனி வாட்ச்மேன் அறையில் படுத்துக்கொள்கிறார். இன்று சாயங்காலம் அவரை அழைத்துக்கொண்டு இங்கே வந்து, எல்லோர் முன்னாலும் ஒருமுறை விசாரித்துவிட்டு உள்ளே தள்ளப்போவதாக இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கிறார்.

துப்பறிவாளரைக் கூப்பிட்டது மகள். "அவர் செஞ்சிருந்தா நான் இங்கயே இருந்துடுவேன். செய்யலைன்னா அவர் கூடப் போயிடுவேன். ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியணும், சார்" என்று சொல்லியிருந்தாள். கட்டிய துணிப்பெட்டி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஹாலில் நின்றது.

பிழையார் சமையலறை ஸ்டூலில் தொந்தியை வசதியாக வைத்துக்கொண்டார்.

"போலீஸ்ல சொன்ன புகார்ல 'பச்சைத் தண்ணீர்'னு இருக்கு. பச்சைத் தண்ணி மூஞ்சியைச் சுடாது, அதனால பொடியிலதான் மருந்துன்னு முடிச்சிருக்காங்க. பச்சைத் தண்ணின்னு யார் சொன்னது?"

"நான்தான்" என்றார் வீட்டம்மா. "இவ சொன்னா. தண்ணி சூடாகவே இல்லன்னு."

பிழையார் மகள் பக்கம் திரும்பினார். "சூடாகலைன்னா சொன்னாங்க உங்கப்பா?"

"ஆம்புலன்ஸ்ல முனகிக்கிட்டே சொன்னார், சார். அர்த்தம் அதான்."

"அர்த்தம் எனக்கு வேண்டாம்மா. அர்த்தம் நாம போட்டுக்கறது. வார்த்தை என்ன?"

மகள் யோசித்தாள். உதடு அசைந்தது. பிறகு தலையை ஆட்டினாள். "சத்தியமா ஞாபகம் இல்ல."

"நீங்க சூடாகலன்னீங்க. அம்மா பச்சைத் தண்ணின்னாங்க. இன்னொரு ஆள் கிட்ட போயிருந்தா ஐஸ் தண்ணியா ஆகியிருக்கும். கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

அந்த நேரம் பெட்டி 'பீப் பீப்' என்று கத்தி ஓய்ந்தது.

"அண்ணே, ரொட்டி" என்றாள் ரேடியோ.

"ரொட்டி ஓடிப்போகாது. பார்வை நேரம் ஓடிப்போயிடும்."

மகளையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார்கள். வீட்டம்மா வரவில்லை, காலையில்தான் போய்விட்டு வந்தாராம். வீட்டில் அவர் ஒருவர், பெட்டிக்குள் ரொட்டி.

---

வார்டின் கடைசிக் கட்டிலில் பெரியவர் ஒற்றைக் கண்ணால் கூரையை அளந்துகொண்டிருந்தார். சர்வேயர் புத்தி, வேறென்ன செய்வார். முகத்தில் பாதி மருந்தும் மீதி எரிச்சலுமாக இருந்தது.

"யாரு இவங்க?"

"துப்பறியறவங்கப்பா. உங்களுக்கு என்ன ஆச்சுன்னு..."

"எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாதா? மூஞ்சி வெந்துபோச்சு. இதுல துப்பறிய என்ன இருக்கு."

ரேடியோ ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "கேக்கறது ஒரே கேள்விதான், பெரியவரே. அதைச் சொல்லிட்டீங்கன்னா நாங்க கிளம்பிடுவோம். இல்லைன்னா நான் இங்கயே உக்காந்து பேசிக்கிட்டிருப்பேன். என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

பெரியவர் அவளை ஒருமுறை பார்த்தார். மிரட்டலில் உண்மை இருப்பது அவருக்குப் புரிந்தது. "கேளுங்க."

"அன்னிக்கு ஆம்புலன்ஸ்ல தண்ணியைப் பத்தி உங்க பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்க. அதே வார்த்தை வேணும்" என்றார் பிழையார்.

"தண்ணி கொதிக்கலன்னு சொன்னேன்."

மகள் வாயில் கையை வைத்தாள். "ஆமா. கொதிக்கல. அதான் சொன்னார்."

"கொதிக்கலையா, சூடாகலையா?"

"என்னய்யா கேள்வி இது? கொதிக்கலன்னா கொதிக்கல. சும்மா கிடந்துச்சு தண்ணி, தூங்கற மாதிரி. ஒரு குமிழி இல்ல. இத்தனை நேரம் ஓடியும் இப்படிக் கிடக்கேன்னு பார்த்தேன்."

"கப்பை எப்படி வெளியே எடுத்தீங்க?"

"தோள்ல இருந்த துண்டால பிடிச்சு எடுத்தேன். வெறுங்கையால தொட முடியுமா? கப்போட காதே சுட்டுச்சு."

பிழையார் ரேடியோவைப் பார்த்தார். ரேடியோ பிழையாரைப் பார்த்தாள்.

"பச்சைத் தண்ணியைத் துண்டு போட்டுப் பிடிச்சாராம், அண்ணே" என்றாள் அவள்.

"பச்சைத் தண்ணின்னு எவன் சொன்னான்?" என்று பெரியவர் சீறினார்.

"உங்க வீட்டம்மா."

பெரியவர் சட்டென்று அடங்கி, பார்வையை மறுபடி கூரைக்குத் திருப்பிக்கொண்டார்.

"பெட்டி எப்ப 'பீப் பீப்'னு கூப்பிட்டுது?" என்றார் பிழையார்.

"தண்ணியை வெச்சுட்டுக் குளிக்கப் போனேன். சோப்பு போட்டுக்கிட்டு இருக்கும்போது கூப்பிட்டுச்சு. கிடக்கட்டும்னு விட்டுட்டேன். துவட்டிக்கிட்டு வெளியே வரேன், மறுபடியும் கூப்பிடுது. சரி, இவ்வளவு தூரம் கூப்பிடுதேன்னு நேரா போய் எடுத்தேன். பொடியைப் போட்டேன். எழுந்து அடிச்சுது பாருங்க, யாரோ உள்ள இருந்து கைநீட்டின மாதிரி." கூரையிலிருந்து பார்வையை இறக்கி, "மாப்பிள்ளையை ஏன் பிடிக்கறாங்க? அவன்னு நான் சொல்லவே இல்லையே" என்றார்.

"இல்லைன்னும் சொல்லலையேப்பா" என்றாள் மகள்.

"என்னை யாராவது கேட்டாத்தானே."

நர்ஸ் வந்து கடிகாரத்தைக் காட்டினாள். எழுந்தார்கள்.

---

ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டே பிழையார் பாடம் எடுத்தார். அவர் பாடம் எடுப்பது கேஸ் பிடிபட்டதற்கு அடையாளம்.

"அடுப்புல வெச்ச தண்ணி எப்படிக் கொதிக்குது? பாத்திரத்து அடியில சொரசொரப்பு இருக்கும். அங்கங்க குமிழி பிறக்கும், மேல வரும், உடையும். சூடு வெளியே போக வழி இருக்கு. பெட்டிக்குள்ள வெச்சது வழவழன்னு புதுக் கண்ணாடிக் கப்பு. குமிழி பிறக்க ஒரு கீறல் கிடையாது. தண்ணி கொதிக்கற சூட்டைத் தாண்டியே போயிடும், ஆனா கொதிக்காது. பார்த்தா சாது. அப்ப பொடியையோ ஸ்பூனையோ போட்டோம்னு வெச்சுக்க, அடக்கி வெச்சதெல்லாம் ஒரே மூச்சுல வெளியே வந்துடும்."

"எங்க வீட்டுக்காரரேதான்" என்றாள் ரேடியோ. "நாள் பூரா வாயே திறக்க மாட்டார். 'சாப்பிட வாங்க'ன்னு ஒரு வார்த்தை போட்டேன்னா போச்சு."

"அப்ப பொடியில ஒண்ணும் இல்லையா சார்?" மகள் எட்டி நடந்து அவர் பக்கத்தில் வந்தாள்.

"பொடி பாவம். ஆனா ஒண்ணு இடிக்குது. ஒரு தடவை சுடவெச்சு விட்டுட்டா, அவர் குளிச்சு வர்றதுக்குள்ள ஆறியிருக்கணும். இவ்வளவு வேகம் வரணும்னா அவர் எடுக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடிகூட அது ஓடியிருக்கணும். ஏம்மா, உங்க பெட்டி வேலை முடிஞ்சதும் எத்தனை தடவை கூப்பிடும்?"

"ஒரு தடவைதான். நான் எத்தனையோ தடவை உள்ள வெச்சுட்டு மறந்திருக்கேன். திரும்பக் கூப்பிடவே கூப்பிடாது."

"உங்கப்பாவை ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கே."

மூவரும் அப்படியே நின்றார்கள். பின்னால் தள்ளுவண்டியோடு வந்தவர் வழிவிடச் சொல்லிக் கத்த வேண்டியதாயிற்று.

"அப்படின்னா யாரோ ரெண்டாவது தடவை பட்டனை அமுக்கியிருக்காங்க" என்றாள் ரேடியோ. "அன்னிக்குக் காலையில வீட்டுல யார் யார் இருந்தீங்க?"

மகள் முகம் வெளுத்தது. "நான் தூங்கிக்கிட்டிருந்தேன். அம்மா பின்பக்கம் துணி காயப்போட்டுக்கிட்டிருந்தாங்க. ஆனா அம்மாதான் அதைத் தொடவே மாட்டாங்களே." பார்வையைத் தரைக்கு இறக்கினாள். "அவர்... அவர் வேலைக்குக் கிளம்பிக்கிட்டிருந்தார்."

குற்றம் ஒரு சுற்று சுற்றிவிட்டு, மறுபடி மாப்பிள்ளையின் மடியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

---

வீட்டுக்குத் திரும்பியபோது இன்ஸ்பெக்டரின் ஜீப்பும் மாப்பிள்ளையின் ஸ்கூட்டரும் வாசலில் நின்றன. இன்ஸ்பெக்டர் ஹாலில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி கலையாமல் உட்காருவது எப்படி என்று அவரிடம்தான் கற்க வேண்டும். ஓரமாக மாப்பிள்ளை நின்றார். சவரம் செய்யாத முகம், நிமிராத தலை. மனைவி உள்ளே வந்ததும் ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான். ஸ்கூட்டர் சாவியை உள்ளங்கையில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க பிழையாரே. புரூஃப் பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு. உங்க புகார்ல ஒரு சொற்குற்றம் இருக்கு."

கொதிக்காத வெந்நீரைப் பற்றிப் பிழையார் விளக்கினார். இன்ஸ்பெக்டர் முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"கொதிக்கற சூட்டைத் தாண்டி, ஆனா கொதிக்காம. நல்லாருக்கு. கோர்ட்ல சொன்னா ஜட்ஜே எழுந்து டீ குடிக்கப் போயிடுவார். செஞ்சு காட்டுங்க. தண்ணி எழுந்து அடிச்சா இவரை இங்கயே விட்டுட்டுப் போறேன். அடிக்கலைன்னா ஜீப்."

சமையலறைக்குள் எல்லோரும் கூடினார்கள். வீட்டம்மா வழக்கம்போல் படிக்கு அந்தப் பக்கம். ரேடியோ கைக்கு அகப்பட்ட கப்பை எடுத்தாள்; காது விண்டு, உள்ளே தேய்ந்துபோன பழைய பீங்கான் கப். தண்ணீர் ஊற்றி, மகள் இரண்டாவது முயற்சியில் திறந்துவிட்ட பெட்டிக்குள் வைத்தாள். எல்லோரும் குளிர்பெட்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்கள், இன்ஸ்பெக்டரைத் தவிர.

கண்ணாடி வழியே பார்த்தார்கள். தண்ணீர் முதலில் சும்மா இருந்தது. பிறகு ஒரு குமிழி. பிறகு பத்து. பிறகு தளதளவென்று, எந்த அடுப்பிலும் கொதிப்பதுபோல், ஊருக்குத் தெரியக் கொதித்துத் தொலைத்தது.

"கொதிக்குது" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கப்பு பழசு" என்றார் பிழையார். "கீறல் இருக்கு. புதுக் கண்ணாடிக் கப்பு வேணும்."

"அது அன்னிக்கே உடைஞ்சுபோச்சு, சார்" என்றாள் மகள்.

"அப்ப சாட்சி செத்துப்போச்சு." இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தார். "வாங்க மாப்பிள்ளை சார், போலாம்."

மாப்பிள்ளை மறுவார்த்தை பேசாமல் நகர்ந்தார். மகள் அவர் சட்டையைப் பிடிக்கக் கை நீட்டி, பாதியில் விட்டுவிட்டாள். ரேடியோவுக்குத் துக்கம் வந்தால் பசியும் கூடவே வரும். சாப்பாட்டு மேசைமேல் ஒரு தட்டு, இன்னொரு தட்டால் மூடி வைத்திருந்தது. திறந்தாள். அவளுடைய ரொட்டி. ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டாள்.

மென்றுகொண்டே நின்றுவிட்டாள்.

"அண்ணே."

"இப்பவா சாப்பாடு?"

"இந்த ரொட்டி மெத்துமெத்துன்னு இருக்கு."

"நல்லது."

"நல்லது இல்லண்ணே. நாம போகும்போது பெட்டிக்குள்ள இருந்துச்சு. ஆறி, செருப்புத் தோல் மாதிரி ஆகியிருக்கணும். யாரோ எடுத்து, தண்ணி தெளிச்சு, ஈரத்துணி போட்டு மூடி, திரும்பப் பெட்டிக்குள்ள வெச்சு, கொஞ்சமே கொஞ்ச நேரம் ஓடவிட்டு எடுத்திருக்காங்க. அதிகமா ஓடவிட்டிருந்தா கல்லா ஆகியிருக்கும். இது முதல் நாள் செய்யற ஆள் கை இல்ல. கை பழகின ஆள்."

இன்ஸ்பெக்டர்கூடத் தொப்பியைப் போட மறந்து கையில் வைத்திருந்தார்.

"நாம மூணு பேரும் ஆஸ்பத்திரியில இருந்தோம்" என்று ரேடியோ தொடர்ந்தாள். இவ்வளவு மெதுவாக அவள் பேசிப் பிழையார் கேட்டதில்லை. "வீட்டுல இருந்தது ஒருத்தர்தான். அந்தக் கதவோ, மண்டையில தட்டினாத்தான் திறக்கும்."

எல்லாத் தலைகளும் திரும்பின. வீட்டம்மாவின் மூக்கிலிருந்த கைக்குட்டை மெல்லக் கீழே இறங்கியது.

"ஆறிப்போனதைப் பார்த்தா எனக்குக் கை சும்மா இருக்காது" என்றார்.

"அம்மா?" மகள் நம்பாமல் பார்த்தாள்.

"நீங்க வேலைக்கும் அப்பா வெளியவும் போனப்புறம்தான். ஒரு ஆளுக்கு எதுக்கு அடுப்பு மூட்டணும்னு. ஒரு நாள் பால். அப்புறம் உருளைக்கிழங்கு, தோல்ல முள்கரண்டியால குத்தி வெச்சா வெடிக்காது, அழகா வேகும். முட்டையை மட்டும் வைக்க மாட்டேன், அது குண்டு." சொல்லும்போதே கண் கலங்கியது. "தொட மாட்டேன்னு ஊரைக் கூட்டிச் சொல்லிட்டேன். எந்த மூஞ்சியோட தொட்டேன்னு சொல்றது?"

"அன்னிக்குக் காலையில?" என்றார் பிழையார், மிருதுவாக.

"துணி காயப்போட சமையலறை வழியா போனேன். கப்பு பெட்டிக்குள்ள இருந்துச்சு. இவர் குளிக்கறார். எட்டிப் பார்த்தேன், குமிழி இல்ல. கொதிக்கலையே, மனுஷன் வெச்சுட்டுப் பட்டனை அமுக்க மறந்துட்டார் போலன்னு, நான் அமுக்கிட்டுப் பின்பக்கம் போயிட்டேன். சூடா ஒரு காபி குடிக்கட்டுமேன்னுதான்." கைக்குட்டையை விரலில் சுற்றினார். "அப்புறம் இவ வந்து தண்ணி சூடாகலைன்னா. சரி, நான் அமுக்கினது வேலை செய்யல போல, பொடியிலதான் ஏதோன்னு... அப்படி நினைச்சுக்கறது எனக்கு வசதியா இருந்துச்சு. நீங்க இப்பச் சொன்னப்புறம்தான் புரியுது. அவர் மூஞ்சியை நான்தான் வேக வெச்சேனா?"

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார்.

"மருமகனைக் காப்பாத்த மாமியார் கதை கட்டறாங்கன்னு சொல்லிடுவாங்கம்மா. தண்ணி எழுந்து அடிக்கறதை நான் என் கண்ணால பார்க்கணும்."

வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அலமாரியின் மேல்தட்டைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு கண்ணாடிக் கப்பை எடுத்தார். "ஜோடியா வாங்கினது. ராசியில்லைன்னு நான்தான் ஒளிச்சு வெச்சேன்."

பிறகு அந்த அம்மாள் படியைத் தாண்டிச் சமையலறைக்குள் நுழைந்தார். தண்ணீரைப் பிடித்தார். பெட்டியின் பக்கம் போய், பார்க்காமலே மண்டையில் ஒரு தட்டு, முழங்கையால் பட்டனில் ஒரு இடி. முதல் தடவையிலேயே கதவு திறந்துகொண்டது. மகள் வாயைப் பிளந்தாள்.

கப்பு உள்ளே போனது. ஓடியது. கூப்பிட்டது. ஒருவர் குளித்து முடிக்கும் நேரம் விட்டுவைத்தார்கள். மறுபடி ஓடியது, மறுபடி கூப்பிட்டது. வீட்டம்மா கதவைத் திறந்துவிட்டுச் சட்டென்று விலகினார்.

தண்ணீர் அசையவில்லை. கண்ணாடிக்குள் இன்னொரு கண்ணாடிபோல் இருந்தது.

"இதுல என்ன இருக்கு? சும்மாத்தானே கிடக்கு" என்று இன்ஸ்பெக்டர் குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனார்.

வீட்டம்மா அவருடைய பெல்ட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "உங்களுக்கும் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்காங்கல்ல? தள்ளி நில்லுங்க."

பிழையார் இருப்பதிலேயே நீளமான மரக் கரண்டியைத் தேடி எடுத்தார். "பொடி உங்ககிட்ட இருக்கு. அதனால இந்த வீட்டுச் சர்க்கரையைப் போடறேன். இதை மாப்பிள்ளை வாங்கலையே?"

"நான் வாங்கினது" என்றார் வீட்டம்மா.

குளிர்பெட்டிக்குப் பின்னால் ஒளிந்து, கையை மட்டும் நீட்டி, பிழையார் கரண்டியைக் கவிழ்த்தார்.

'புஸ்' என்று ஒரு சத்தம். கப்புக்குள் இருந்த தண்ணீரில் பாதி நேராக மேலே எழுந்து பெட்டியின் கூரையில் மோதி, கதவு வழியாக வெளியே பாய்ந்தது. இன்ஸ்பெக்டர் அனிச்சையாகத் தொப்பியை முகத்துக்கு முன்னால் பிடித்தார். தொப்பி ஆவி பறக்கச் சொட்டியது.

அதை உதறிக்கொண்டே அவர் கேட்டார்: "சர்க்கரைதானே போட்டீங்க?"

"நக்கிப் பார்த்துக்கங்க" என்றாள் ரேடியோ.

---

இன்ஸ்பெக்டர் போகும்போது வாசலில் நின்று, "இனிமே எப்படித்தான் சுடவைக்கறது?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். அவர் வீட்டிலும் ஒரு பெட்டி இருந்திருக்க வேண்டும்.

"ஒரு மரக்குச்சியைத் தண்ணிக்குள்ள போட்டு வைங்க, குமிழி பிறக்க இடம் கிடைக்கும்" என்றார் பிழையார். "ஒரு தடவை சுடவெச்சதைத் திரும்பச் சுடவைக்காதீங்க. கூப்பிட்டதும் ஓடாதீங்க, கொஞ்சம் ஆறவிட்டு எடுங்க. மூஞ்சியை மட்டும் உள்ள நீட்டாதீங்க."

ஜீப் போனது. மாப்பிள்ளை ஹாலில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். மகள் எதிரில் போய் நின்றாள்.

"நீங்க ஏன் ஒரு வார்த்தைகூடச் சொல்லாம போயிட்டீங்க? செய்யலைன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்."

"நீ கேக்கலையே."

"கேட்டேன். அன்னிக்கு ராத்திரியே கேட்டேன்."

"'பொடியில என்ன கலந்தீங்க'ன்னு கேட்டே." மாப்பிள்ளை அன்றுதான் முதன்முறையாகத் தலை நிமிர்ந்தார். "'கலந்தீங்களா'ன்னு கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன்."

பிழையாரின் கை தன்னையறியாமல் சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பேனாவுக்குப் போனது. ரேடியோ அதைத் தட்டிவிட்டாள். இது அவர்கள் திருத்திக்கொள்ள வேண்டிய இடம்.

மகள் துணிப்பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். "வீட்டுக்கு வாங்க" என்றாள்.

"எந்த வீட்டுக்கு?"

"உங்களுக்கு வேலை கிடைச்சிருக்கிற ஊர்ல நமக்கு ஒரு வீடு பார்க்கணும்ல. அந்த வீட்டுக்கு."

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அதற்குள் வீட்டம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"மாப்பிள்ளை. ஆஸ்பத்திரிக்குப் போகணும். அவர்கிட்ட நான்தான் சொல்லணும். வேற யார் வாயில இருந்தும் அவர் கேக்கக்கூடாது."

"பார்வை நேரம் முடிஞ்சிருக்கும்மா" என்றாள் மகள்.

"அந்த நர்ஸை நான் பார்த்துக்கறேன்."

மாப்பிள்ளை வெளியே போய் ஸ்கூட்டரைக் கிளப்பினார். வீட்டம்மா பின்னால் ஏறி உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சீட்டின் ஓரத்தைத் தடவினார், மடியில் வைத்துக்கொண்டார், மறுபடி எடுத்தார். இந்த முதுகை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தது அவர் கொடுத்த புகார்தான்.

"ரோடு பூரா பள்ளம், அத்தை" என்றார் மாப்பிள்ளை, திரும்பிப் பார்க்காமல். "தோளைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க."

வீட்டம்மா பிடித்துக்கொண்டார்.